ஆர்டர் இல்லாத வண்டி

திருப்பூரில் யாரும் தன் ஆசைக்குத் துணியை வெட்டுவதில்லை. முதலில் சாம்பிள் போக வேண்டும். அதற்கு அப்ரூவல் வர வேண்டும். கூடவே வரும் அளவுத்தாளில் மார்பு இத்தனை, கை நீளம் இத்தனை, கழுத்துப்பட்டை அகலம் இத்தனை, இதில் அரை சென்டிமீட்டர் கூடலாம் குறையலாம் என்று எழுதியிருக்கும். அதற்குப் பிறகுதான் கட்டிங் மேசையில் துணி விரியும். கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் பையர் ஒருவர் கேட்டதை, கேட்ட அளவில், கேட்ட தேதிக்குள் கப்பலேற்றுவதுதான் இந்த ஊரின் வித்தை. கேட்காததைச் செய்தால் அது சரக்கு அல்ல, நஷ்டம்.

சில ஆண்டுகளுக்கு முன் நெருப்பெரிச்சலில் நான் குடியிருந்த தெருவில், ஓர் ஓவர்லாக் யூனிட்டுக்கும் காஜா பட்டன் கடைக்கும் நடுவிலிருந்த தகரக் கொட்டகையில் ஓர் இரும்புக் கூண்டு வளர ஆரம்பித்தது. கோவைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் படிக்கும் பையன்கள். கொட்டகை அவர்களில் ஒருவனுடைய அப்பாவுக்குச் சொந்தம். சனிக்கிழமை இரவு வந்தார்கள் என்றால் ஞாயிறு முழுக்க கிரைண்டர் சத்தம்தான். ஒருநாள் காஜா பட்டன் கடைக்காரர் பொறுக்க முடியாமல் போய்க் கேட்டார்.

“இது ஆருக்குங் கண்ணு செய்யறீங்க?”

“ஆருக்கும் இல்லீங்ணா. போட்டிக்குங்க.”

“பையர் ஆரு?”

“பையரே இல்லீங்க.”

அவர் கூண்டை ஒருமுறை சுற்றி வந்தார். “அப்ப பேமென்ட்டு?” என்றார். பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இந்த ஊரில் அதைவிட நியாயமான கேள்வி வேறு கிடையாது.

போட்டியின் பெயர் பாஜா. மெக்சிகோவின் மேற்கே பசிபிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் பாஜா கலிபோர்னியா என்ற பாலைநிலத் தீபகற்பத்தின் பெயர் அது. 1967 அக்டோபர் 31 அன்று அங்கே டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை, பெரும்பகுதி சாலையே இல்லாத கல்லிலும் மணலிலும், ஒரு பந்தயம் நடந்தது. அதுதான் பின்னாளில் பாஜா 1000 என்று புகழ்பெற்றது. 27 மணி 38 நிமிடத்தில் முதலில் வந்து சேர்ந்தவர்கள் விக் வில்சனும் டெட் மாங்கெல்ஸும். பெரிய கார்க் கம்பெனி எதுவும் பந்தயத்துக்கென்று செய்து கொடுத்த வண்டியல்ல அவர்கள் ஓட்டியது. புரூஸ் மேயர்ஸ் என்ற ஃபைபர் படகு கட்டும் மனிதர், வோக்ஸ்வேகன் பீட்டில் காரின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, படகு செய்யும் அதே கைப்பழக்கத்தில் மேலே ஒரு ஃபைபர் தொட்டியைக் கவிழ்த்து உருவாக்கிய மேயர்ஸ் மேங்க்ஸ் அது. கடலுக்குத் தெரிந்த கை மணலுக்கு வண்டி கட்டியது. அவருடைய வண்டியைப் பார்த்துப் பலரும் நகல் எடுத்தார்கள். காப்புரிமையைக் காக்க நீதிமன்றம் போனார், தோற்றார். காப்பி அடிக்கப்பட்ட டிசைனின் கதை திருப்பூர்க்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1976இல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் இந்தப் பாலைப் பந்தயத்தின் நிழலாக மாணவர்களுக்கென ஒரு சிறிய பாஜா தொடங்கியது. 2007இல் எஸ்.ஏ.இ. இந்தியா என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு அதை இங்கே கொண்டுவந்தது. மாணவர்கள் தாங்களே வரைந்து, தாங்களே கட்டிய ஒற்றை இருக்கை வண்டியை மத்தியப் பிரதேசத்தில் இந்தூருக்குப் பக்கத்துப் பீதம்பூருக்குக் கொண்டுபோய் ஓட்ட வேண்டும். பீதம்பூரில் பாலைவனம் இல்லை. கரிசல் மண்ணைக் குவித்து மேடாக்கி, பள்ளம் தோண்டித் தண்ணீர் விட்டுச் சேறாக்கி, மரக்கட்டையும் பாறையும் போட்டு ஒரு பாலையை அங்கே செய்கிறார்கள்.

நமக்கு இது புதிதல்ல. தொல்காப்பியம் நிலத்தை நான்காகத்தான் பிரிக்கிறது. பாலைக்கென்று தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெடும்போது கொள்ளும் வடிவமே பாலை என்கிறது சிலப்பதிகாரம். பாலை என்பது இடமல்ல, எந்த இடத்துக்கும் நேரக்கூடிய நிலை. அந்தக் கணக்கில் நெருப்பெரிச்சல் என்ற பெயரைத் தாங்கிய ஊரில் பாலைவண்டி கட்டுவதில் பொருத்தக் குறைவு ஒன்றுமில்லை.

போட்டியின் முதல் விதி எனக்கு மிகவும் பிடித்தது. என்ஜின் எல்லோருக்கும் ஒன்றுதான். அப்போது அது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கம்பெனியின் 305 சிசி, ஒற்றை சிலிண்டர், 10 குதிரைத்திறன். புல்வெட்டும் இயந்திரத்தின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லலாம். அதைத் திறந்து நோண்டக் கூடாது. வேகத்துக்கு வரம்பு கட்டும் கவர்னரில் கை வைக்கக் கூடாது. பணக்காரக் கல்லூரிக்கும் பத்துக் குதிரை, ஏழைக் கல்லூரிக்கும் பத்துக் குதிரை. பணம் வேறு வழியில் உள்ளே வரத்தான் செய்யும்: வசதியுள்ள அணி இறக்குமதியான காற்று ஷாக் அப்சார்பர் போடும், மற்றவர்கள் பைக்கில் கழற்றியதை மாட்டுவார்கள். சிலர் வெளிநாட்டு பெல்ட் டிரைவ் வாங்குவார்கள், பலர் மகிந்திரா ஆல்ஃபா சரக்கு ஆட்டோவின் கியர்பாக்ஸைத் தேடிப் பிடிப்பார்கள். ஆனாலும் ஆரம்பக்கோடு ஒன்றுதான். எஞ்சியிருப்பது எடையைக் குறைப்பது, சக்கரம் மேடுபள்ளத்தில் எவ்வளவு ஏறி இறங்கலாம் என்று கணக்குப் போடுவது, கியர் விகிதத்தைத் தேர்வது. அதாவது கையும் மூளையும்.

இதே யோசனையைக் கோவையில் ஒருவர் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறார். லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவர்தன், ஊரில் எல்லோருக்கும் ‘கரி’. 1980களின் கடைசியில், எந்தக் கடைவீதியிலும் உதிரிபாகம் கிடைக்கும் மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். எல்லோருக்கும் ஒரே என்ஜின் என்பதால் பந்தயம் பணப்பையிலிருந்து ஓட்டுநர் கைக்கு மாறியது. 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் பழகியது இந்த ஃபார்முலா மாருதியில்தான். கரி 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்துப் பந்தயத்தடம் அவர் பெயரைச் சுமந்து நிற்கிறது. பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்தவர் கார் கட்டியதைக் கேட்டு வெளியூர்க்காரர் வியக்கலாம். கொங்கு நாட்டில் பஞ்சாலைக்குப் பக்கத்திலேயே அதன் உதிரிபாகம் செய்யும் பட்டறையும், கிணற்று மோட்டாருக்கு வார்ப்படம் ஊற்றும் ஃபவுண்டரியும் வளர்ந்தன. இங்கே நூலும் இரும்பும் பங்காளிகள்.

இரும்பு வேலை தொடங்குவதற்கு முன் பையன்கள் பிவிசி குழாயில் ஒரு கூண்டு கட்டினார்கள். விதிப்படி வண்டிக்குள் பெரிய உடம்புக்காரனும் உட்கார வேண்டும், சின்ன உடம்புப் பெண்ணும் உட்கார வேண்டும். இருவருக்கும் தலைக்கவசத்துக்கும் மேல்குழாய்க்கும் நடுவே 6 அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும். பக்கத்து பனியன் கம்பெனியின் பேட்டர்ன் மாஸ்டர் டீ குடிக்கப் போகும் வழியில் நின்று பார்த்தார். ஒரு பையன் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங் திருப்புவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தான்.

“ஆர்ம்ஹோல் பத்தாதுங் கண்ணு” என்றார் அவர். “கைய முழுசாத் திருப்பிப் பாரு.”

திருப்பினான். முழங்கை பக்கக் குழாயில் இடித்தது. கணினியில் மூன்று மாதம் சுழற்றிச் சுழற்றிப் பார்த்த வரைபடத்தில் அகப்படாத குறையை, நாற்பது வருடம் சட்டை வெட்டிய கண் டீ குடிக்கப் போகிற வழியில் பிடித்தது. கூண்டும் ஒரு சட்டைதான் என்று அன்று எனக்குப் பட்டது. உருண்டால் உடம்பைக் காக்கும் சட்டை. துணிக்குப் பதிலாக 0.18 சதவீதத்துக்குக் குறையாத கார்பன் கலந்த எஃகுக் குழாய், தையலுக்குப் பதிலாக வெல்டிங். ஒரு குழாயின் முனை இன்னொரு குழாயின் வளைவில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டுமென்றால், முனையை வாய் பிளந்ததுபோல் வெட்டி, அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்த வேண்டும். தோள்பட்டையில் கை இணையும் வளைவும் அதே கணக்குத்தான்.

கூண்டு அவர்களுடையது. மற்றவை ஜாப் வொர்க்குக்குப் போயின. இந்த ஊரில் ஒரு டி-ஷர்ட் ஓரிடத்தில் பிறப்பதில்லை. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று ஊர் முழுக்கச் சுற்றி, ஒரு கை தொட்டதை அடுத்த கை அறியாமல் பெட்டிக்குள் போகும். வண்டியும் அப்படியே சுற்றியது. சக்கரம் மாட்டும் ஹப் ஒரு பட்டறையில், பல்சக்கரம் இன்னொன்றில், தகடு லேசர் கட்டிங் வேறோரிடத்தில். முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சிலுக்கு இஎன்-24 எஃகுக் கம்பி வாங்கி, வரைபடத்தோடு ஒரு லேத் பட்டறையில் கொடுத்தார்கள். பட்டறைக்காரர் அவசர வேலைகளுக்கு நடுவே, மெஷின் சும்மா இருந்த இரவுகளில் கடைந்து கொடுத்தார். கூலி பாதிதான் வாங்கினார். வரைபடத்தில் இருந்த அளவில் நூலிழை பிசகில்லை.

பீதம்பூரில் நடந்தவற்றை நான் தொலைபேசியில் கேட்டேன். முதலில் தொழில்நுட்பச் சோதனை. ஓட்டுநர் பெல்ட்டைக் கழற்றி ஐந்து நொடிக்குள் வெளியே குதிக்க வேண்டும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு கில் சுவிட்சும் அடித்த கணமே என்ஜினை நிறுத்த வேண்டும். அடுத்தது பிரேக். வேகமாக வந்து மிதித்தால் நான்கு சக்கரமும் ஒருசேரப் பூட்டிக்கொண்டு தேய வேண்டும். மூன்று பூட்டி ஒன்று சுழன்றாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு வருடம் பாடுபட்டுவிட்டு இந்த ஒரு சோதனையிலேயே ஊர் திரும்பும் அணிகள் உண்டு. நம் பையன்கள் இரண்டு முறை திரும்பி வந்தார்கள். பிரேக் லைனில் மாட்டிக்கொண்ட காற்றை எடுத்து, மூன்றாம் முறை தேறினார்கள். மேடேறும் போட்டி, வளைந்து செல்லும் போட்டி எல்லாம் முடிந்து, கடைசி நாள் நான்கு மணி நேர ஓட்டம். எல்லா வண்டிகளும் ஒன்றாக அந்தச் செயற்கைப் பாலையில் இறங்கும். நான்கு மணி நேரத்துக்குள் யார் அதிகச் சுற்று முடிக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. வண்டிகள் உடைவதும், இழுத்து வருவதும், வெல்டிங் அடித்து மறுபடி அனுப்புவதும் அங்கே சாதாரணம்.

மூன்றாம் மணி நேரத்தில் ஒரு மேட்டிலிருந்து குதித்து இறங்கியபோது இடது முன்சக்கரம் தனியாக உருண்டு போயிற்று. ஸ்டப் ஆக்சில் துண்டாகியிருந்தது. மாற்று இல்லை.

உடைந்த துண்டை ஊருக்குக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார்கள். உடைந்த இரும்புக்கு முகம் இருக்கிறது, அதில் எழுத்தும் இருக்கிறது. ஒரே அடியில் உடைந்திருந்தால் முகம் முழுக்க உப்புக்கல்போல் சொரசொரப்பாக இருக்கும். இது அப்படியில்லை. ஓரத்தில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி கிளிஞ்சல் ஓட்டு ரேகைபோல் வழவழப்பாக வளைவுகள். கடைசியில் மட்டும் கொஞ்சம் உப்புக்கல். அதாவது, பழக்க ஓட்டம் தொடங்கிய நாளிலிருந்தே அந்தப் புள்ளியில் ஒரு கீறல் ஒவ்வொரு குதிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நடந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த இரும்பு கடைசி மேட்டில் கைவிட்டது. அந்தப் புள்ளி இருந்த இடம் தடிமனான பாகம் சட்டென்று மெலிந்த பாகமாக மாறும் மூலை. அங்கே வளைவு விட்டுக் கடைய வேண்டும். கூர்மூலையாக விட்டால் பாரமெல்லாம் அங்கேதான் வந்து குவியும். வரைபடத்தில் வளைவு இல்லை. வரைந்தவன் அந்தக் கொட்டகைக்காரர் மகன்.

அவன் துண்டை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனான். நானும் கூடப் போனேன். பட்டறைக்காரர் கண்ணாடியை ஏற்றி, ரேகைகளை விரலால் தடவினார்.

“அந்த மூலைல ரேடியஸ் விடோணும்னு கடையறப்பவே தோணுச்சுங்க தம்பி.”

“அப்ப சொல்லியிருக்கலாமுங்களே?”

“டிராயிங்ல இல்லாததப் போட்டா எங்களுக்கு டெபிட்டுங்க. முப்பது வருசப் பழக்கம்.”

அந்த வாசகத்தை நான் பல நாள் அசைபோட்டேன். இந்த ஊரில் பிழைக்கு ஒரு வழித்தடம் இருக்கிறது. பனியனில் தையல் பிரிந்தால் வாங்குபவர் ஏற்றுமதியாளரின் பில்லில் பிடிப்பார். ஏற்றுமதியாளர் தைத்துக் கொடுத்த யூனிட்டுக்கு டெபிட் நோட் போடுவார். யூனிட்காரர் பீஸ் ரேட்டில் கழிப்பார். பிழை கிடந்த இடத்தில் கிடக்காது; யாருக்குத் தள்ளிவிட ஆளில்லையோ அவரிடம் போய்ச் சேரும் வரை கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். சாயத்தண்ணீரும் அப்படித்தான் இறங்கியது. நொய்யல் ஆற்றில் விட்டது 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கி, பாசனத்துக்கென்று எழுந்த அணையையே விவசாயி அஞ்சும் குட்டையாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே, ஊர் தன் கழிவைத் தன்னிடமே வைத்துச் சுத்திகரித்தாக வேண்டும் என்ற நிலை வந்தது. பட்டறைக்காரருக்கு வளைவு தெரியும். அளவுத்தாளில் இல்லாத அறிவு டெபிட்டில்தான் முடியும் என்பதும் தெரியும். ஆகவே அறிவை உள்ளேயே வைத்துக்கொண்டு அளவை மட்டும் கொடுத்தார்.

கொட்டகையில் அந்த வழித்தடம் அறுந்திருந்தது. வரைந்த பையனுக்கு டெபிட் போட ஆள் கிடையாது. வரைந்தவன், பொருத்தியவன், ஓட்டியவன், தள்ளிக்கொண்டு வந்தவன் எல்லாம் அவர்களே. பிழை முழுக்க அவன் கையிலேயே கனத்தது. அமெச்சூர் என்ற சொல்லைக் கத்துக்குட்டி என்று இளக்காரமாகச் சொல்கிறோம். ஆசைக்காகச் செய்பவர் என்று கொஞ்சம் மரியாதையோடும் சொல்வதுண்டு. எனக்கு இப்போது வேறொரு பொருள் படுகிறது. தன் பிழையைத் தானே வைத்துக்கொள்ள முடிகிறவர் அமெச்சூர். தொழில்காரருக்கு அந்த வசதி கிடையாது. அவருக்கு வரும் பிழைகளில் பாதி அடுத்தவருடையவை.

வசதி என்றுதான் சொல்ல வேண்டும். கொட்டகைக்கு இந்தப் பக்கத்து ஓவர்லாக் யூனிட்டில், ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். இவர்கள் வயதுதான் இருக்கும். டீ நேரத்தில் வாசலில் நின்று வெல்டிங் பொறியைப் பார்த்துக்கொண்டிருப்பான். கண்ணு கெட்டுடும் என்று இவர்கள் விரட்டுவார்கள். ஒருநாள் கண்ணாடிக் கவசத்தைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தான். மணி அடித்தது, ஓடிப்போனான். அவன் பிழை செய்தால் அன்றைய கூலியில் விழும். அந்த வயதில் ஒரு வருடத்தை ஒரு பிழைக்குக் கொடுத்துவிட்டுக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல யாருக்கு முடிகிறது, யாருக்கு முடியவில்லை என்பதற்கு அந்தத் தகரச் சுவரின் இரண்டு பக்கமும் சாட்சி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பையரே இல்லை என்று கல்லூரிப் பையன்கள் அன்று சொன்னது முழு உண்மையல்ல. பாஜா என்ற போட்டியின் அடிப்படையே ஒரு கற்பனை பையர்தான். எங்கோ ஒரு கம்பெனி இருக்கிறது, அது வருடத்துக்கு 4,000 வண்டி செய்து விற்க ஒரு மாதிரி கேட்கிறது, உங்கள் வண்டிதான் அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது விதி. அதனால் விலைக்கணக்கு காட்ட வேண்டும், விற்பனைப் பேச்சு பேச வேண்டும். கடைசியில் அவர்கள் செய்ததும் ஒரு சாம்பிள்தான். ஆனால் அந்தக் கம்பெனியிடமிருந்து அப்ரூவலும் வராது, டெபிட்டும் வராது. இல்லாத ஒருவருக்காகச் செய்ததால் ஒரு சாம்பிள் எவ்வளவு சுதந்திரமானதாகிவிடுகிறது! இருக்கிற ஒருவருக்காகச் செய்யும்போது அந்தச் சுதந்திரம் எங்கே போகிறது என்பதைக் கொட்டகைக்காரர் மகன் சீக்கிரமே பார்க்க வேண்டி வந்தது.

அடுத்த வருட அணி என்ஜினையும் கியர்பாக்ஸையும் கழற்றிக்கொண்டு போனது. கூண்டு கொஞ்ச நாள் மழையில் கிடந்தது, பிறகு பழைய இரும்புக்குப் போயிற்று. கொட்டகையில் இப்போது பவர் டேபிள் ஓடுகிறது. படிப்பு முடித்த பையன் அதே இடத்தில் ஜாப் வொர்க் யூனிட் நடத்துகிறான். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். மேசையில், மின்விசிறிக் காற்றில் படபடத்த தாள்களின் மேல் அந்த ஸ்டப் ஆக்சில் துண்டு உட்கார்ந்திருந்தது. முகத்து ரேகைகள் எண்ணெய் பூசி, துருப்பிடிக்காமல் பளபளத்தன. “அளவுத்தாள் எது வந்தாலும் மொதல்ல தைக்கிறவங்ககிட்ட காட்டிக் கேக்கறனுங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது அதுல இருக்காது” என்றான். நல்ல பழக்கம் என்றேன்.

துண்டுக்கு அடியிலிருந்த தாள்களில் மேலாக இருந்தது ஒரு டெபிட் நோட். கழுத்துப்பட்டைத் தையல், முன்னூற்றுச் சொச்சம் பீஸ். உள்ளே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதை அவன் யார் கணக்கில் எழுதப் போகிறான் என்று கேட்க வாய் வரை வந்தது. டீ வந்துவிட்டது, குடித்துவிட்டு எழுந்தேன்.